தாங்கலும் இழுத்தலும்

பழுதுபார்க்கப்பட்ட பொருள் பழைய பொருள்தானா, பழைய பெயரைச் சுமக்கும் வேறொரு பொருளா என்னும் கேள்வி மிகத் தொன்மையானது. கிரேக்க மரபில் புளூட்டார்க் குறிப்பிடும் தீசியஸின் கப்பலும் இந்திய மரபில் பௌத்தர்கள் எடுத்துக்காட்டும் தேரும் இக்கேள்விக்குப் புகழ்பெற்ற சான்றுகள். வட அமெரிக்காவின் பனிப் பகுதிகளில் பல்லாண்டு ஓடித் தேய்ந்த ஒரு பிக்கப் டிரக்கின் சேசிஸை வைத்து இதே கேள்வியை எழுப்பினால், பழைய நூலோர் கண்ட நுட்பங்கள் சில கைக்கெட்டும் தூரத்தில் தெரியத் தொடங்குகின்றன.

சேசிஸ் என்பது வண்டியின் அடிச்சட்டகம். நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகுத் தண்டுகளையும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களையும் கொண்டு ஏணிபோல் அமைந்திருக்கும் இதன்மீதே எஞ்சின், ஓட்டுநர் அறை, சரக்குத் தொட்டி ஆகியவை அமர்கின்றன. அச்சுகளும் இதனோடுதான் பிணைக்கப்படுகின்றன. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவப்படும் உப்பு, சேற்றோடு கலந்து தண்டின் உட்புறத்தில் தங்கிவிடுவதால், வெளிப்பூச்சு குலையாமல் இருக்கும்போதே எஃகு உள்ளிருந்து அரிக்கப்படுவதுண்டு. சுத்தியலால் தட்டினால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். துருவேறிய இடமோ மந்தமாக ஒலிக்கும், சில வேளைகளில் சுத்தியலின் முனையே உள்ளே இறங்கிவிடும்.

அரிபட்ட பகுதியை நல்ல எஃகு தென்படும்வரை வெட்டியெடுத்து, அதற்கு ஈடான கனமுள்ள புதிய எஃகை அங்கே வைத்து வெல்டிங் செய்து, மூட்டின்மேல் ஒரு வலுத்தகட்டையும் பொருத்துவது செப்பனிடும் முறை. அத்தகட்டின் முனைகள் செங்குத்தாக அன்றிச் சாய்வாக வெட்டப்படுவதற்குக் காரணம் உண்டு. வெல்டிங்கின் சூடு பட்ட ஓரத்தில் எஃகின் பண்பு மாறிவிடுகிறது. அந்த ஓரம் தண்டுக்குக் குறுக்கே ஒரே செங்குத்துக் கோடாக அமைந்தால், பாரம் ஏறித் தண்டு வளையும்போதெல்லாம் விசை அக்கோட்டில் குவிந்து விரிசலுக்கு வழிசெய்யும். சாய்வாக அமைந்தால் பழைய எஃகு சுமந்த பாரம் புதிய எஃகுக்குச் சிறிது சிறிதாகக் கைமாறும். தண்டுகள் கோணாமல் இருக்கின்றனவா என்பதை, ஏணியின் மூலைக்கு மூலை அளக்கும் இரண்டு குறுக்களவுகளும் சமமாக இருப்பதைக் கொண்டு அறிகிறார்கள்.

இவ்வாறு செப்பனிடப்பட்டது பழைய வண்டிதானா? கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாண்டரும் நாகசேனர் என்னும் துறவியும் உரையாடுவதாக அமைந்த 'மிலிந்த பஞ்ஞ' என்னும் பாலி நூல் இதற்கு ஒரு விடை தருகிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா, தேரின் சட்டகம் தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்க, மன்னன் எல்லாவற்றையும் மறுக்கிறான். தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயர் வழக்கே என்பது முடிவு. இந்நோக்கில் சேசிஸுக்குத் தனிச் சிறப்பு ஏதுமில்லை. ஆயினும் அதே நூல், மாம்பழம் திருடியவன் 'உரியவர் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு' என்று வாதிட்டுத் தப்ப முடியாது என்றும் காட்டுகிறது. நிலையான ஒருமை இல்லாத இடத்திலும் தொடர்ச்சி உண்டு. தொடர்ச்சி உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு.

நியாயம் என்னும் இந்தியத் தருக்க மரபினர் இதற்கு மாறாக, உறுப்புகளின் வேறான 'அவயவி', அதாவது உறுப்புகளையுடைய முழுமை, உண்மையாகவே உள்ளது என்பர். அதற்கு நியாய சூத்திரம் காட்டும் காரணங்களுள் ஒன்று தாரணமும் ஆகர்ஷணமும், அதாவது தாங்கலும் இழுத்தலும். ஒரு பகுதியைப் பிடித்துத் தூக்கினால் முழுப்பொருளும் எழுகிறது. ஒரு முனையை இழுத்தால் முழுப்பொருளும் வருகிறது. மணற்குவியலில் ஒரு பிடியை அள்ளினால் அந்தப் பிடி மட்டுமே வரும். சேற்றில் புதைந்த டிரக்கின் முன்கொக்கியில் சங்கிலி பூட்டி இழுக்கும்போது வண்டி முழுவதும் வெளிவருவது, அக்கொக்கி நல்ல சேசிஸில் பிணைந்திருப்பதால்தான். சேசிஸ் அரித்திருந்தால் கொக்கி பிய்ந்து வரும், வண்டி சேற்றிலேயே நிற்கும். துரு தின்பது எஃகை மட்டுமன்று. வண்டியின் முழுமையையும் தின்று அதைக் குவியலின் நிலைக்குத் தள்ளுகிறது.

இக்காரணத்தை அச்சூத்திரத்தின் உரையாசிரியரான வாத்ஸ்யாயனரே கூர்ந்து ஆராய்ந்து, போதாதென்கிறார். புல்லையும் கல்லையும் மரத்தையும் அரக்கால் ஒட்டினாலும் ஒன்றை இழுக்க மற்றவை வருமாதலால், இழுபடுவது பிணைப்புக்குச் சான்றாகுமேயன்றி முழுமைக்குச் சான்றாகாது. வெல்டிங்கும் ஓர் அரக்குத்தானோ என்னும் ஐயம் இங்கே எழுவது இயல்பு. அரக்கு மேற்பரப்பில் ஒட்டுகிறது. வெல்டிங்கிலோ இருபுறத்து எஃகும் உருகிக் கலந்து ஒன்றாக உறைகின்றன. அப்படி உருகிக் கலப்பதற்கு இருபுறமும் நல்ல எஃகு எஞ்சியிருக்க வேண்டும். துருவின்மேல் எதுவும் பற்றாது.

தாங்கலில்தான் முழுமை இருக்கிறது என்னும் எண்ணத்தைப் பிரிட்டனின் வாகனப் பதிவு முறையும் சட்டமொழியில் கூறியிருக்கிறது. பெரிதும் மாற்றப்பட்ட வண்டி பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 மதிப்பெண் பெற வேண்டும் என்று நெடுங்காலம் வழங்கிய விதியில், வடிவம் மாற்றப்படாத சேசிஸுக்கு 5 மதிப்பெண், எஞ்சினுக்கு 1 மட்டுமே. இயக்குவதைவிடத் தாங்குவதே ஒரு பொருளை அதுவாக வைத்திருக்கிறது என்னும் தீர்ப்பு அதில் அடங்கியுள்ளது.

ஆகவே 'அதே வண்டி' என்னும் சொல் எஃகின் பழமையைக் குறிப்பதாகக் கொள்வதைவிட, பாரம் இடையறாமல் கைமாறி வந்ததைக் குறிப்பதாகக் கொள்வதே பொருந்தும். அச்சொல்லை மெய்யாக்குவதும் பொய்யாக்குவதும் செப்பனிடுபவரின் கையில் உள்ளது. துருவின் ஓட்டையைப் பட்டிப் பசையால் அடைத்துக் கறுப்புப் பூச்சால் மூடி விற்பவர், தாங்காத ஒன்றைத் தாங்குவதாகக் காட்டுகிறார். அவ்வண்டியில் மனிதர் ஏறுவதால் அது பண மோசடியோடு நிற்பதில்லை, உயிருக்கே தீங்காகிறது. நல்ல எஃகு வரும்வரை வெட்டுபவரோ, எது எஞ்சியிருக்கிறது, எது அழிந்துவிட்டது என்னும் உண்மையை முதலில் ஒப்புக்கொள்கிறார். செப்பனிடுதல் அந்த ஒப்புதலில் தொடங்குகிறது. சுத்தியலின் ஓசை மாறும் இடத்தைக் கேட்டறிவதே அதன் முதல் அறம்.