துண்டு இருக்கும் இடம்



அன்புக்கொடி மக்களே, துண்டு என்பது சின்னச் சொல். துணியில் ஒரு துண்டு, அவ்வளவுதான். தோளில் தொங்கினால் மதிப்பு. இடுப்பில் கட்டினால் அடக்கம். பேருந்தில் போட்டால் இடம் பிடித்தாயிற்று. மாட்டுச் சந்தையில் அதற்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். ஏலக்காய் விலை சரிந்தால் நம் போடியில், "அவர் தலையில் துண்டு விழுந்தது" என்பார்கள். துணி ஒன்றுதான், அது இருக்கும் இடம் மனிதனின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டவர்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. பெண்கள் தோள்சீலைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டார்கள். 1859 ஜூலை 26-ல்தான் மன்னரின் அறிவிப்பு வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அய்யா வைகுண்டம் போனது 1851-ல். மன்னர் இறங்கி வரும்வரை அய்யா காத்திருக்கவில்லை. கும்பிட வருகிறவன் தலைப்பாகை கட்டி வரட்டும் என்று முன்பே வைத்துவிட்டார்.

"மற்ற கோயில்களில் துண்டை இடுப்பில் கட்டிப் பணிகிறோம். இங்கே தலையில் கட்டுகிறோமே, இது கர்வம் இல்லையா?" என்று ஒரு தம்பி கேட்டார். பணிவு வேறு, பயம் வேறு தம்பி. பிறர் குனிய வைத்தால் அது பயம். நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவன் தானாகக் குனிவதே பணிவு. அதனால்தான் பாகையோடு கண்ணாடி முன் நிற்கிறோம்.

இப்படிப் பேசத் தெரிந்த நான் ஒருநாள் தவறினேன். ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளி ஒருவர், மழையில் நனைந்தபடி தாங்கல் வாசலில் நின்றார். துண்டு கக்கத்தில் இருந்தது. "அங்கேயே இரப்பா, கஞ்சி கொண்டுவருகிறேன்" என்றேன். உள்ளே திரும்பினால் எதிரே கண்ணாடி. பாகை கட்டிய ஒருவன், இன்னொருவனை வெளியே நிறுத்திவிட்டு வந்து நிற்கிறான். நம் முன்னோரை நிறுத்தியவர்களும் இப்படித்தானே நின்றிருப்பார்கள்?

திரும்பிப் போய், உலர்ந்த துண்டு ஒன்றை என் கையாலேயே அவர் தலையில் கட்டி, உள்ளே அழைத்துவந்தேன். நாமம் இட்டபோது அவர் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் கஞ்சி குடித்தோம்.

பணிவிடை செய்கிறவர்களே, வருகிறவரின் துண்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கக்கத்தில் இருந்தால், அதைத் தலைக்கு ஏற்றுவதே நமக்கு முதல் பணிவிடை.

அய்யா துணை.