"நான்" என்று சொல்லாமல் சாட்சி சொல்ல முடியுமா?

தன் வாழ்க்கையைத் தானே எடுத்துச் சொல்லுகிறவன் தற்பெருமைக்குத் தப்ப முடியுமா? இராஜாக்கமங்கலத்தில் வீட்டு ஜெபமானாலும் சரி, உபவாசக் கூட்டமானாலும் சரி, சாட்சி நேரத்தில் இந்தக் கேள்வி எனக்குள் எழும்பும். "நான் ஜெபிச்சேன், நான் கொடுத்தேன்" என்று எண்ணிப் பார்த்தால் "நான்"தான் அதிகம். இதற்குப் பயந்தே சிலர் வாயைத் திறக்கிறதில்லை.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின், இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர், பெரிய ராஜதந்திரி. 1771-ல் தன் வரலாற்றை எழுதத் தொடங்கினார். பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டுத் தினமும் தன்னைச் சோதித்த மனுஷன் அவர். கடைசியில் சேர்த்தது தாழ்மை. பெருமையை முற்றிலும் ஜெயித்துவிட்டாலும், அப்போது தன் தாழ்மையைக் குறித்தே பெருமைப்படுவேன் என்ற கருத்தை அவரே எழுதி வைத்தார். எவ்வளவு உண்மை!

அப்படியானால் மவுனம்தான் வழியா? நம்ம பக்கத்து இராமேஸ்வரத்தில் 1931-ல் பிறந்த டாக்டர் அப்துல் கலாமைப் பாருங்கள். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராயிருந்தவர். அருண் திவாரியோடு சேர்ந்து அவர் எழுதிய "அக்னிச் சிறகுகள்" ஆங்கிலத்தில் 1999-ல் வந்தது. நம் விசுவாசத்தைச் சேர்ந்தவரல்ல. ஆனாலும் நாம் கற்றுக்கொள்ள அதில் விஷயமுண்டு.

1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பி, சில நிமிடத்தில் கடலில் விழுந்தது. காரணம் ஆராய்ந்த கூட்டத்தில் கலாம் தானாகவே எழும்பி, கிளம்புமுன் கண்ட அமிலக் கசிவை அற்பமாக எண்ணியது தன் பொறுப்பு என்றார். அன்று பத்திரிகைக்காரர் முன் நின்று பழியைச் சுமந்தவரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ராக்கெட் ஜெயித்தபோது, தவான் ஒதுங்கிக்கொண்டு கலாமைப் பேசச் சொன்னார். கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லி வந்தார். அவர் வாயை மூடியிருந்தால் தவானின் பெருந்தன்மை நமக்கெப்படித் தெரியும்? அங்கே "நான்" என்று சொல்லியது கடனைத் தீர்க்கிறதற்கு.

"குற்றத்தைச் சொல்லுகிறதும் பெருமையாகலாமே?" என்பீர்கள். ஆகலாம். "நான் எப்பேர்ப்பட்ட குடிகாரன் தெரியுமா!" என்று இருபது வருஷத்துக் கதையை ருசித்துச் சொல்லுகிறவர்கள் உண்டு. அதைச் சொல்லுவதால் இன்றைக்கு அவருக்கு ஒரு நஷ்டமுமில்லை. போன வாரம் கடையில் எடை குறைத்ததைச் சொல்லட்டும், வியாபாரம் போகும். கலாம் சொன்னது தன் மேலதிகாரிக்கும் கூட வேலை செய்தவர்களுக்கும் முன்பாக. விலை கொடுக்கிற வார்த்தையில் பெருமைக்கு இடம் குறைவு. பேதுருவின் மறுதலிப்பை வேதம் மறைத்து வைக்கவில்லையே!

ஆகையால் பிரியமானவர்களே, "நான்" என்ற சொல்லைக் கண்டு பயப்படாதிருங்கள். அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தப்பு நேர்ந்த இடத்தில் நம்ம பேர் இருக்கட்டும். ஜெயம் வந்த இடத்தில் தேவனுடைய நாமமும், கை கொடுத்தவர்களின் பேரும் இருக்கட்டும். அடுத்த முறை சாட்சிக்கு எழும்புமுன் இதை நிதானித்துப் பார்ப்போமாக.