துயிலும் துணிவும்

துயிலைச் சுருக்கி உழைப்பவரை உலகம் போற்றுகிறது. அவரும் அப்புகழை மறுப்பதில்லை. கண்விழிப்பால் வரும் களைப்பு அவர் உடலோடு நிற்குமாயின் அது அவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால் பிறர் உயிரையும் பொருளையும் தம் தீர்ப்பில் ஏற்றிருப்பவர் அவ்வாறு எண்ணுதல் முறையன்று. துயிலின்மை கவர்ந்து செல்வது உடல் வலிமையை மட்டுமன்று, அறிவுடையார்க்கு இருக்க வேண்டிய தக்க அச்சத்தையுமாகும்.

2007இல் சிங்கப்பூரில் வெங்கட்ராமன், மைக்கேல் சீ முதலிய ஆய்வாளர்கள், இரவு முழுதும் விழித்திருந்தவர்களைப் பணயம் வைக்கும் தேர்வுகளில் ஈடுபடுத்தி, அவர்தம் மூளையின் இயக்கத்தை நோக்கினர். பேற்றை எதிர்நோக்கும் பகுதி மிகையாகக் கிளர்ந்தது. இழப்பின் வலியை உணர்த்த வேண்டிய பகுதியோ மந்தமுற்றது. 2011இல் அவர்கள் மேலும் ஒன்றைக் கண்டனர்: பேற்றின்பால் சாயும் இவ்விலகலும் விழிப்புநிலை குன்றுவதும் வேறுவேறு. குளம்பி பருகிக் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டால் தீர்ப்பும் தெளிவாயிருக்கும் என்று நம்புவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இதனினும் கொடியது, தன் குறையைத் தான் அறியாமை. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஆய்வொன்றில், நாளும் 6 மணி நேரமோ அதனினும் குறைவாகவோ உறங்கியவர்களின் திறன் 14 நாள்களில் தேய்ந்து, இரண்டு இரவுகள் வரை அறவே உறங்காதவரின் நிலைக்கு இறங்கியது. அவர்களோ தமக்குச் சற்றே உறக்கம் வருவதாக மட்டும் உணர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு வாழ்பவர் தம் மழுங்கிய நிலையையே தம் இயல்பு எனக் கொள்வதில் வியப்பென்ன?

பிறர் உயிர் ஒரு தீர்ப்பில் தங்கியிருந்த ஓர் இரவை எண்ணுவோம். 1986 சனவரி 27ஆம் நாள் இரவு, சேலஞ்சர் விண்ணோடத்தை மறுநாள் ஏவலாமா என்று அமெரிக்க விண்வெளித் துறையினர் தொலைபேசி வழியே கலந்துரையாடினர். ஏவூர்தி இணைப்புகளின் இரப்பர் வளையங்கள் குளிரில் நெகிழ்ச்சி இழக்கும், ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே ஏவுதல் கூடாது என்று ஏவூர்திப் பொறியாளர்கள் தடுத்தனர். அவர்தம் சொல் ஏலாது போயிற்று. மறுநாள் ஏறத்தாழ 2 பாகைக் குளிரில் எழுந்த விண்ணோடம் 73 நொடிகளில் சிதைந்து எழுவர் மாண்டனர். துயிலின்மையே காரணம் என்று விசாரணை ஆணையம் கூறவில்லை; அவ்வாறு கூறுவது உண்மையும் ஆகாது. காலத்தின் நெருக்கடியும் பதவியின் அழுத்தமும் அங்கே இருந்தன. ஆயினும், தலைமைப் பொறுப்பினர் சிலர் அக்கலந்துரையாடலுக்கு முந்தைய இரவில் 2 மணி நேரத்துக்கும் குறைவாகவே உறங்கியிருந்தனர் என்பதை அவ்வாணையத்தின் அறிக்கை பதிந்துள்ளது.

ஏவுதலைத் தடுக்க முயன்ற பொறியாளருள் ஒருவரான பாப் எபெலிங், தாம் இன்னும் முனைந்து போராடியிருக்க வேண்டும் என்று 30 ஆண்டுகள் கழித்தும் தம்மையே நொந்துகொண்டிருந்தார். அவர் சொன்னது சரியாயிருந்தும் சுமை அவருக்கு வாய்த்தது.