விடுப்பு நாள்களின் ஹக்கு

படைவீரன் ஒருவன் விடுப்பில் ஊர் வருகிறான். அந்த விடுப்பு யாருடையது? பெற்ற தாயுடையதா, கைப்பிடித்த மனைவியுடையதா, ஆண்டெல்லாம் எல்லையில் நின்று களைத்த அவனுடைய உடலுடையதா? எளிதாகத் தோன்றும் இக்கேள்வி கரிசல் நாட்டு வீடுகளில் ஆண்டுதோறும் எழுகின்றது. பல வேளைகளில் விடை காணாமலே அவனோடு ரயிலேறிப் போய்விடுகின்றது.

கோவில்பட்டியைச் சூழ்ந்த பூமி வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் விதைப்பார்கள். மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசுக்கும் பஞ்சாலைக்கும் நடப்பார்கள். அத்தகைய மண்ணில், மாதம் தவறாத சம்பளமும், 2022-க்கு முன் சேர்ந்தவர்க்கு முதுமையில் ஓய்வூதியமும் தரும் படைப்பணி வற்றாத கிணறு போன்றது. ஆகவேதான் சாதி சமய வேறுபாடின்றி இப்பக்கத்துப் பிள்ளைகள் சீருடையை நாடுகின்றனர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரமும், 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலேற்றப்பட்ட கயத்தாறும் கோவில்பட்டிக்கு அண்மையில் உள்ளவையே. புலமையும் போர்க்குணமும் இந்த மண்ணுக்குப் புதியன அல்ல.

நிரந்தரப் பணியிலுள்ள தரைப்படைச் சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாள். தற்செயல் விடுப்பு 30 நாள். தாளில் பார்த்தால் தாராளந்தான். காஷ்மீரத்திலிருந்தோ அருணாசலத்திலிருந்தோ ஊர் வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகும். களைப்புத் தீர இன்னும் இரண்டு நாள். அதற்குள் வீட்டில் ஒரு பட்டியல் ஆயத்தமாகியிருக்கும். ஒழுகுகிற ஓட்டைப் பிரித்து மாற்ற வேண்டும். தங்கைக்கு வரன் பார்க்க வேண்டும். அடகு நகையைத் திருப்ப வேண்டும். தாலுகா அலுவலகத்தில் பட்டா மாற்ற வேண்டும். மூன்று கல்யாணத்திற்கும் இரண்டு சுன்னத்து விருந்திற்கும் தலைகாட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவே, மணமாகி ஓராண்டு ஆன பெண் தன் கணவனைச் சோறு பரிமாறும்போது மட்டும் நன்றாகக் காண்கிறாள்.

இவ்வட்டாரத்து அம்மையார் ஒருவர் நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். மகன் படையில் இருக்கிறான். மணமாகிப் பதினான்கு மாதம். அதில் தம்பதியர் சேர்ந்திருந்தது எழுபது நாள் தேறலாம். இம்முறை வந்தவன், மனைவியை மட்டும் அழைத்துக்கொண்டு ஐந்து நாள் கொடைக்கானலுக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டானாம். "பெத்தவ இங்க கிடக்க, பொண்டாட்டியோட மலைக்குப் போறது மார்க்கத்துல தகுமா அசரத்?" என்றார். கண்ணில் நீர் நின்றது. அந்த நீரை இலேசாக எண்ணுதல் கூடாது. படையில் சேர அனுமதி வேண்டி வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என வினவி, ஆம் என்றதும், அவர்களுக்கு ஊழியம் செய்வதிலேயே உம் போராட்டத்தை ஆக்கிக்கொள்ளும் என்ற பொருள்படத் திருப்பியனுப்பியவர்கள் நம் பெருமானார் (ஸல்). தாயின் ஹக்கு மனைவியின் ஹக்கிற்கு முந்தியது, கண்ணியத்தில் உயர்ந்தது. இதில் நமக்கு ஐயம் இல்லை.

ஆயினும் அதே பெருமானாரிடம் இன்னொருவர் வந்தார். இன்ன படையெடுப்பில் என் பெயர் பதிவாகியிருக்கிறது. என் மனைவியோ ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டாள் என்றார். போய் உம் மனைவியோடு ஹஜ் செய்யும் என்பதே அவருக்குக் கிடைத்த விடை. புகாரி ஷரீபில் இடம்பெற்ற இச்செய்தியை, பெண் மஹ்ரமின்றிப் பயணம் செய்யலாகாது என்னும் சட்டத்திற்கு ஆதாரமாகவே மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கிறோம். அதன் மற்றொரு பக்கத்தை நாம் அதிகம் நின்று பார்ப்பதில்லை. படைப் பட்டியலில் ஏறிவிட்ட பெயரும் மனைவியின் துணை என்னும் கடமைக்காக விலக்கப்பட்டது!

ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்களின் செய்தி இதனினும் நெருக்கமானது. அவர்கள் இளைஞர், உஹதில் தந்தை ஷஹீதாகி, தங்கையர் கூட்டமொன்று அவர்கள் பொறுப்பில் விடப்பட்டது. அத்தங்கையரைப் பேணுவதற்கென்றே, கன்னியை விடுத்து, முன்னர் மணமாகியிருந்த பெண்ணை மணந்தார்கள். போரொன்றிலிருந்து திரும்பும் வழியில் அவர்களுடைய ஒட்டகம் தளர்ந்து பின்தங்கியது. படைத்தலைவரான நாயகம் (ஸல்) அருகில் வந்து ஒட்டகத்தை முடுக்கிவிட்டு, மணமாயிற்றா, யாரை மணந்தீர் என்றெல்லாம் விசாரித்தார்கள். ஒட்டகத்தை விலைபேசி வாங்கி, மதீனாவில் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். புது மாப்பிள்ளைக்கு வழங்கிய அன்பளிப்பு அது. அதே பயணத்தில், ஊரை நெருங்கியும் உடனே நுழைந்துவிடாமல் தாமதிக்கச் செய்தார்கள். கணவரைப் பிரிந்திருந்த பெண்கள் தலைவாரித் தம்மைச் சீர்செய்துகொள்ள அவகாசம் வேண்டுமென்பது காரணம். முன்னறிவிப்பின்றி வந்து வீட்டாரைத் திடுக்கிடச் செய்வதைப் பெரிய வேடிக்கையாகக் கருதும் இக்காலத்துப் பிள்ளைகள் இதனைக் கவனிக்கலாம்.

பயணமொன்றில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் ஓட்டப்பந்தயம் ஓடியதும் நாமெல்லாம் அறிந்ததே. தோழர்களை ஏன் முன்னே அனுப்ப வேண்டும்? கணவன் மனைவியரின் நகைப்புக்கு ஒரு மறைவு வேண்டும் என்பதற்காகத்தான். அந்த மறைவு கரிசல் காட்டுச் சிறு வீட்டில் எங்கே கிடைக்கிறது? ஓர் அறை, ஒரு திண்ணை, ஒரு முற்றம். நாளெல்லாம் வந்துபோகும் உறவினர். அங்கே தாய்க்குரிய ஹக்கைப் பலர் நடுவிலும் நிறைவேற்றலாம். காலைப் பிடித்துவிடலாம், மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம், அருகமர்ந்து உண்ணலாம். மனைவிக்குரிய ஹக்கில் ஒரு பகுதி, இருவர் மட்டும் இருக்கும்போதன்றி நிறைவேறாது. ஹக்குகள் மேல் கீழ் என்பதோடு முடிவதில்லை; ஒவ்வொன்றுக்கும் உரிய இடமும் நேரமும் வேறு. மேலான ஹக்கைச் சொல்லிக் கீழான ஹக்கை முற்றிலும் விழுங்கிவிட மார்க்கம் யாருக்கும் இடம் தரவில்லை.

திருமறை இல்லறத்தைச் சொல்லுமிடத்தில் ஆளும் சொல்லின் வேர் 'ஸகன'. தங்குதல் என்பதும் அதுவே, அமைதியுறுதல் என்பதும் அதுவே. குடியிருக்கும் வீடு 'மஸ்கன்'. உள்ளத்தில் இறங்கும் அமைதி 'ஸகீனா'. இளந்தம்பதியர் ஒருவரிடம் ஒருவர் குடியேற நாள் பிடிக்கும். பக்கத்து ஊர்க்காரனுக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்கிற அந்தக் காலம் படைவீரனுக்குத் தவணை தவணையாகவே கிடைக்கிறது. குடும்பத்தோடு வாழ இசைவுள்ள நிலையங்களில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் இரண்டு மூன்று ஆண்டு நல்ல காலம். மீண்டும் எல்லைப் பகுதிக்கு மாற்றம் வந்தால், இந்தி பேசவும் சப்பாத்தி இடவும் பழகிய பெண் மூட்டை முடிச்சுகளோடு கோவில்பட்டிக்குத் திரும்பி, மாமியாரின் அடுப்படியில் புதிதாகத் தொடங்க வேண்டும்.

எத்தனை நாள் பிரிந்திருக்கலாம் என்னும் கணக்கை நம் முன்னோர் இருசாராரும் போட்டிருக்கின்றனர். வேந்தனின் பணிக்காகப் பிரிவது ஓராண்டுக்குள் அடங்க வேண்டும் என்று தொல்காப்பியம் கற்பியலில் வரையறுக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களோ இன்னும் இறுக்கினார்கள். இரவில் மதீனாவைச் சுற்றிவருகையில், போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் தனிமையில் பாடிய பாட்டு அவர்கள் காதில் விழுந்தது. தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று கேட்டார்கள். அறிவிப்புகளில் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் வருகின்றது. அதற்கு மேல் எந்த வீரனையும் படையில் நிறுத்தி வைக்கலாகாது எனத் தளபதிகளுக்குக் கட்டளை பறந்தது. பாரசீகத்தோடும் ரோமாபுரியோடும் பொருதிய ஓர் அரசின் தலைவர், படை எண்ணிக்கை குறையுமே என்று தயங்கவில்லை. தந்தையாக நின்று மகளிடம் இதைக் கேட்கக் கூசவுமில்லை.

விடுப்பு நாள்கள் எவ்வளவு அருமையானவை என்பதை இவ்வட்டாரம் 2019 பிப்ரவரி 14-இல் கண்டது. அன்று புல்வாமாவில், ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் சென்ற மத்திய ரிசர்வ் காவல் படையின் வாகன வரிசை தாக்கப்பட்டு 40 வீரர்கள் மாண்டனர். விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்களுள் பலர். கோவில்பட்டியை அடுத்த சவலாப்பேரியைச் சேர்ந்த சுப்பிரமணியனும் அவர்களில் ஒருவர், அண்மையில் மணமானவர், பொங்கலுக்கு ஊர் வந்து திரும்பியவர். ஒரு பொங்கல் விடுப்பு அந்த வீட்டாருக்கு இனி எப்பொருளைக் கொண்டிருக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே அந்த அம்மையாரிடம், மகன் போய் வரட்டும் என்றோம். இரண்டு நிபந்தனைகளும் சொன்னோம். கடன் வாங்கிப் போதல் கூடாது. அடுத்த வீட்டான் போனான் என்று போவது இஸ்ராஃப். குற்றாலச் சாரலே போதுமென்றால் அது இன்னும் நல்லது. இரண்டு மணி நேர பஸ் பயணந்தான். மற்றொன்று, போகுமுன் தாயின் காரியங்களில் ஒன்றையாவது முடித்துக் கொடுத்து, அவர் துஆவோடு புறப்பட வேண்டும். அம்மையார் முழுதும் மனம் ஆறினாரென்று சொல்ல மாட்டோம். "அவ என்னத்தக் கண்டா, போய்ட்டு வரட்டும்" என்று எழுந்தார். 'அவ' என்றது மருமகளை.

சிப்பாய் வீட்டுக் கதையாக இதனைப் படித்துவிட்டு நம் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். நம் குடும்பங்களில் படைக்குச் சென்றவர் சிலர். வளைகுடாவுக்குச் சென்றவர் பலர். அங்கே பலருக்கு ஊர் வரும் விடுப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை. போர்க்களத்து வீரனுக்கே நான்கு மாதம், ஆறு மாதமென வரம்பிட்ட சமுதாயம், கடைக்கணக்கு எழுதப் போனவனை இருபத்துநான்கு மாதம் பிரித்து வைத்துவிட்டு, அவன் அனுப்பும் பணத்தில் மாடி கட்டுகிறது. பிழைப்பு வேண்டாவா என்பார்கள். வேண்டும், வறுமையின் கொடுமையை நாம் அறியாதவரல்லோம். மனைவி மனமொப்பினால் நெடும்பிரிவு கூடும் என்று பிக்ஹு நூல்களும் இடம் தருகின்றன. ஹக்கு அவளுடையது, விட்டுக்கொடுக்கும் உரிமையும் அவளுடையது. நிக்காஹ் நாளில் மஹர் எவ்வளவு என்று சபை கூட்டிக் கேட்டு எழுதுகிறோம். மணமாகி நாற்பதாம் நாள் மாப்பிள்ளை விமானம் ஏறுகையில், எத்தனை மாதத்திற்கு இசைகிறாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்ட வீட்டை நாம் இன்னும் பார்க்கவில்லை.