எங்க பிடிச்ச?

தூண்டில் போடுகிறவனிடம் "எங்க பிடிச்ச?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "தண்ணியிலதான்." மீனின் எடையைச் சொல்வான். எந்த லூர், என்ன நிறம், நரம்பு எவ்வளவு தடிமன், எத்தனை நிமிடம் போராடியது என்று கேட்காததையெல்லாம் சொல்வான். இடத்தை மட்டும் சொல்லமாட்டான். படம் எடுக்கும்போது பின்னணியில் பாலமோ செல்போன் டவரோ கோயில் கோபுரமோ விழாமல் பார்த்துக்கொள்வான். விழுந்துவிட்டால் வெட்டிவிட்டுத்தான் குரூப்பில் போடுவான். அங்கே இடம் கேட்பது சம்பளம் கேட்பதைப் போன்ற அநாகரிகம். சம்பளத்தையாவது இரண்டு பியர் உள்ளே போனால் உளறிவிடுவார்கள்.

எனக்கும் ஓர் இடம் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே ஒரு கழிமுகம். அதற்கு மேல் இந்தக் கட்டுரையிலும் சொல்வதாக இல்லை. நெருங்கிய நண்பன் ஒருவன், விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவன், அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மூன்று வாரமாக நழுவுகிறேன். என் கல்யாணத்துக்குப் பணம் புரட்டிக் கொடுத்தவனிடம் ஒரு பாலத்தை மறைப்பதா என்று மனசு கேட்கிறது. கேட்கட்டும், யோசிப்போம் என்று ஆரம்பித்ததுதான் இது.

இடம் என்று நாங்கள் சொல்வது வரைபடத்தில் ஒரு புள்ளி இல்லை. பழைய பாலம் ஒன்றின் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டுத் திரும்ப வற்றும்போது, அவ்வளவு அகலமான நீர்ப்பரப்பும் அந்தத் தூண்களின் இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு வெளியேற வேண்டும். அந்த வேகத்தில் இறாலும் குட்டி மடவைகளும் நிலைதடுமாறி வரும். தூணுக்குப் பின்பக்கம் மட்டும் ஓட்டம் அடங்கித் தண்ணீர் லேசாகச் சுழலும். அந்தச் சுழலுக்குள் ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு, அதிகம் மெனக்கெடாமல், கொடுவா காத்திருக்கும். வற்றம் தொடங்கியபின் ஒன்றரை மணி நேரம் இது நடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் பலமாக இருப்பதால் இன்னும் நன்றாக நடக்கும். தூண், நேரம், பிறை, மாதம் எல்லாம் சேர்ந்ததுதான் இடம்.

ஒரு தூணுக்குப் பின்னால் ஐந்தாறு மீன் இருந்தால் அதிகம். கொடுவாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். போட்டோவுக்கு அழகாக இருக்கிற பெரிய கொடுவா அநேகமாகத் தாய். ஆறில் இரண்டு குறைந்தால் என்ன குறைகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நண்பனின் வாதம் இது: "நீ எழுதுன கோடையெல்லாம் கிட்ஹப்ல ஃப்ரீயா போட்டு வைக்கிற. அறிவு பொதுச்சொத்துன்னு ரெண்டு மணி நேரம் லெக்சர் அடிக்கிற. ஒரு பாலத்துத் தூணுக்கு மட்டும் என்னடா காப்பிரைட்?"

நல்ல கேள்வி. என் கோடை அவன் எடுத்துக்கொண்டால் என்னிடம் ஒரு வரிகூடக் குறையாது. என் இட்லியை அவன் தின்றால் எனக்கு இட்லி இல்லை. பொருளியல்காரர்கள் இந்த வித்தியாசத்தை வைத்தே உலகத்துப் பொருட்களைப் பிரிக்கிறார்கள். மீன்பிடி இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இடத்தைப் பற்றிய அறிவு கோட் மாதிரி, எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். அங்கே இருக்கும் மீன் இட்லி மாதிரி. நகல்கள் பெருகப் பெருக எல்லா நகல்களும் ஒரே தட்டில் கை வைக்கின்றன. ஓப்பன் சோர்ஸ் தர்மத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாததற்குக் காரணம் இதுதான். இன்னொரு வித்தியாசமும் உண்டு. கிட்டில் ரிவர்ட் இருக்கிறது. ஒருவன் காதில் போட்டதை யாரும் ரிவர்ட் செய்ய முடியாது.

கரீபியனில் லிட்டில் கேமன் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே நசாவ் களவா என்றொரு மீன், வருடம் முழுக்கத் தனியாக வாழ்கிற ஜாதி. குளிர்காலத்துப் பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடி முட்டையிடும். 2001-ல் தீவின் மேற்கு முனையில் மீனவர்கள் அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 7,000 மீன்கள். இரண்டே பருவத்தில் சுமார் 4,000 கரையேறிவிட்டன. 2003-ல் அரசு தடை போட்டது. அதன்பின் பல வருடங்கள் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தேறியிருக்கிறது. இந்தக் கதையில் வில்லன் யாரும் கிடையாது. ஒருவர் கண்டார், தெரிந்தவர்களுக்குச் சொல்லியிருப்பார், அவர்களும் அதே நல்ல மனதோடு தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை.

ஆனால் 'மீன் அழிந்துவிடும்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நான் மட்டும் பிடித்தால் அழியாதா? என் இயற்கைப் பற்று சரியாக என்னோடு நின்று, அடுத்த ஆளிடமிருந்து ஆரம்பிக்கிறது. இதைத் தத்துவம் என்று அழைக்க முடியாது.

சிஸ்ஸெலா போக் என்ற தத்துவவாதி பொய்யைப் பற்றி ஒரு புத்தகமும், பிறகு 1982-ல் ரகசியத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். பொய் சொல்பவர் ஏன் சொன்னேன் என்று நியாயம் காட்டக் கடமைப்பட்டவர், ரகசியம் காப்பவர் மீது அப்படி முன்கூட்டியே குற்றம் சுமத்த முடியாது என்பது அவர் காட்டும் வேறுபாடு. இது எங்கள் உலகத்துக்கு நன்றாகவே பொருந்தும். சொல்லமாட்டேன் என்பது ஒரு நிலைப்பாடு. வேறு ஏதோ ஒரு முகத்துவாரத்தின் பெயரைச் சொல்லி ஒருவனை ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் நிற்கவிடுவது சுத்த அயோக்கியத்தனம். தூண்டில்காரர்களில் பாதிப்பேர் இரண்டாவதைத்தான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு. சரி, யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

இந்த 'எப்படி'யை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று நினைக்கிறேன். குமரிக் கரை மீனவர்கள் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டுகளை, அவர்கள் பார் என்பார்கள், கரையைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். ஒரு மலை உச்சியும் ஒரு தேவாலயக் கோபுரமும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். வேறு திசையில் ஒரு பனங்கூட்டமும் இன்னொரு குன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பார் இருக்கும். இதைக் கணியம் என்கிறார்கள். கண்ணுக்கு எதுவுமே தெரியாத தண்ணீருக்கு மேல் நின்றுகொண்டு, மைல் கணக்கில் தள்ளியிருக்கும் நிலத்தை வைத்துக் கணக்குப் போடுவது. எந்த எஞ்சினியரிங் கல்லூரியிலும் எனக்கு இதைவிட நேர்த்தியான வடிவியல் கிடைத்ததில்லை.

கணியத்தை வாயால் சொல்லி முடிக்க முடியாது. எந்த உச்சி, எவ்வளவு விலகல், வெயிலில் அந்த மலை எப்படித் தெரியும் என்பதெல்லாம் கூடவே படகில் போனால்தான் பிடிபடும். சொல்லித்தருகிறவர் உங்களை வருடக்கணக்கில் பார்த்திருப்பார். எவ்வளவு எடுப்பீர்கள், யாருக்கு வாய் விடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். ஒழுக்கத்தைத் தனியாகப் போதிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கற்றுக்கொள்வதன் சிரமமே ஆளை வடிகட்டிவிட்டது.

ஜிபிஎஸ் வந்தபின் அதே பார் ஒரு கைக்குட்டைத் தாளில் எழுதிவிடக்கூடிய எண்கள். எனக்கு வாட்ஸப்பில் ஒரு பின். ஒரு விநாடியில் போய்விடும், நண்பனிடமிருந்து அவன் மச்சானுக்கு இன்னொரு விநாடி. முன்பு சிரமம் செய்துகொண்டிருந்த வேலையை இனிமேல் நாம் மெனக்கெட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. தொழில்நுட்பம் உராய்வைக் குறைக்கும் என்று சொல்லித்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சில இடங்களில் உராய்வுதான் நாகரிகமாக இருந்திருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்தபின் எனக்கு உறைத்த விஷயம் வேறு. இத்தனை நேரமும் 'என் இடம்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தூணை எனக்குக் காட்டியது பக்கத்துக் குப்பத்து அண்ணன் ஒருவர். வீச்சு வலை போடுகிறவர். நான் பகல் முழுக்கத் தப்பான பக்கத்தில் நின்று வீசிக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், "சார், அங்க ஒண்ணும் இல்ல. தண்ணி வத்தும்போது இந்தக் காலுக்குப் பின்னாடி போடுங்க" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது ரகசியம் இல்லை, அந்தக் குப்பத்தில் பத்து வயசுப் பையனுக்கும் தெரியும். அது ரகசியமாக இருப்பது காரில் வந்து இறங்கும் எங்களைப் போன்றவர்களுக்குள் மட்டும். எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்கு அரிசி.

ஒரு கோடைப் பொதுவெளியில் போட்டுவிட்டு லைசன்ஸ் எதுவும் குறிப்பிடாமல் விட்டால், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. உரிமை முழுக்க எழுதியவரிடமே இருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் இதை அடிக்கடி சொல்வேன். அண்ணன் எந்த லைசன்ஸோடும் அதை எனக்குத் தரவில்லை. ஒருவன் தவித்ததைப் பார்த்துக் கொடுத்தார். அதை நான் என் நட்பின் பரிசாக இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கும்போது யாருடைய கைப்பணத்தில் தாராளமாக இருக்கிறேன்?

பகிர்வதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. துருக்கியில் அலன்யா என்ற கடலோர ஊர். 1970-களில் அங்கே நல்ல இடங்களுக்காக மீனவர்களுக்குள் அடிதடி. கடைசியில் அவர்களே உட்கார்ந்து, வலை போடத் தகுந்த எல்லா இடங்களையும் பெயரோடு பட்டியல் போட்டார்கள். ஒருவர் வலை அடுத்தவர் மீனை மறிக்காத அளவுக்கு இடைவெளி விட்டார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டுப் போடுவார்கள். ஜனவரி வரை தினமும் ஒவ்வொருவரும் ஓரிடம் கிழக்கே நகர்வார், அதன்பின் மேற்கே. நல்ல இடம் எல்லோருக்கும் ஒருநாள் வரும், மோசமான இடமும் வரும். எலினோர் ஆஸ்ட்ரம் 1990-ல் எழுதிய புத்தகத்தில் இந்த ஊர் வருகிறது. 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. இதில் என்னை ஈர்த்தது, ரகசியத்தை ஒழித்தே அவர்கள் மீனைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பது. பட்டியல் ஊருக்கே தெரியும். அதனால்தான் அடுத்தவன் முறையில் யாராவது புகுந்தால் உடனே பிடிபட்டார்கள்.

அலன்யாவுக்குப் போகவே வேண்டாம், நம் பழவேற்காட்டில் பாடு என்ற முறை இருக்கிறது. ஏரியில் இறால் வலை கட்டும் நல்ல இடங்களைச் சில கிராமங்கள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. படிக்க அலன்யாவைப் போலவே அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் இருப்பது பட்டினவர்களில் குறிப்பிட்ட கிராமத்தாருக்கு மட்டும். அதே ஏரியை நம்பி வாழும் மற்றச் சமூகங்களுக்கு அந்த முறை கிடையாது. இதையொட்டிச் சச்சரவுகளும் நடந்திருக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்குள் அது அத்தனை நியாயமானது. யார் உள்ளே என்பதில்தான் எல்லாக் கேள்வியும்.

'நண்பர்களுக்கு மட்டும் சொல்வேன்' என்பதும் ஒரு சின்னப் பாடுதான். அதை நாம் நட்பு என்று அழைக்கிறோம். எங்கள் ஐடி துறையில் வேலைக்கு ரெஃபரல் இப்படித்தான் நடக்கிறது. யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை, எல்லோரும் அவரவர் நண்பனுக்கு நல்லது செய்கிறார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால் ஒரே நான்கைந்து கல்லூரி, ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்த முகங்கள்.

அதற்காக நண்பனுக்குச் சொல்லாமல் இருப்பது நியாயமாகிவிடாது. அப்போதும் வேலிக்குள் நான் ஒருவன் இருப்பேன், அவ்வளவுதான் மாறும். நான் செய்ய வேண்டியது என்னவென்று கடைசியில் ரொம்பச் சாதாரணமாகத் தெரிந்தது. போன வாரம் அண்ணனிடம் போய்க் கேட்டேன். என் ஃப்ரெண்டு ஒருத்தனைக் கூட்டிட்டு வரட்டுமாண்ணே?

அவர் சிரித்தார். "இதெல்லாம் கேப்பாங்களா சார், கூட்டிட்டு வாங்க" என்றார். கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி வந்தார். "மழை விட்ட ரெண்டு மாசம் மட்டும் வேணாம். அப்போ எறா ஓடும், நாங்க வலை கட்டுவோம். உங்க நரம்பு எங்க வலையில மாட்டிக்கும். பெரிய மீன் மாட்டுச்சுன்னா விட்டுடச் சொல்லுங்க. உங்களுக்கு அதை வெட்டக்கூடத் தெரியாது."

நிபந்தனைகள் இருந்திருக்கின்றன. இத்தனை நாள் நான் கேட்காததால் அவர் சொல்லவில்லை.

நண்பனுக்குப் போன் பண்ணி, சனிக்கிழமை காலை நாலு மணி, அஞ்சரைக்கு வற்றம் ஆரம்பிக்கும், முள்ளில் கூர்த்தாடை நசுக்கிவிட்டு வா, மீனை விடுவது சுலபமாக இருக்கும் என்றேன்.

"சூப்பர்டா. லொகேஷன் அனுப்பு, நேரா வந்துடறேன்."

"உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன். கூடப் போலாம்" என்றேன்.