வலியும் வஞ்சமும்

"மன்னித்து விட்டோம், மறக்கத்தான் முடியவில்லை" என்கிறோம். இது குற்றமா?

உஹது போரில் (ஹிஜ்ரி 3) நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து கொன்றவர் வஹ்ஷீ. மக்கா வெற்றிக்குப் பின் அவர் இஸ்லாத்தைத் தழுவி வந்து நின்றார். நாயகம் (ஸல்) அவர்கள் பழி வாங்கவில்லை, ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும், தம் கண்ணில் படாமலிருக்க இயலுமா என்று கேட்டார்கள். அவ்வளவு வலி! ஆனால், முஸ்லிம் என்ற முறையில் வஹ்ஷீயின் உரிமையில் அணுவளவும் குறையவில்லை.

நம்மில் சிலரோ வேலித் தகராறுக்காக உடன்பிறந்த அண்ணனுக்குப் பெருநாளன்றும் ஸலாம் சொல்வதில்லை. இதையும் மனவலி என்றே சொல்லிக்கொள்கிறோம். மூன்று நாளுக்கு மேல் முகம் திருப்பியிருக்க அனுமதியில்லை, முதலில் ஸலாம் சொல்பவரே மேலானவர் என்பது ஹதீது. அண்ணன் முதலில் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் இதை எப்படித்தான் ஓதிக் கடக்கிறார்களோ!