நான்காம் கம்பி

மேசையில் கிடார் மல்லாந்து கிடக்கிறது. வழக்கமாகப் பிக்கப் இருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் மரம். வெறும் வார்னிஷ்.

கண் அங்கேயே போய்ப் போய் வருகிறது.

*

"டி கம்பி மட்டும் பேச மாட்டேங்குதுண்ணே."

கொண்டுவந்த தம்பி இவ்வளவுதான் சொல்கிறார். மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர். அடுத்த முகூர்த்தத்துக்குக் காரைக்காலில் கச்சேரி. போர்டு போயிருக்குமோ, புதுசாகவே வாங்கிவிடலாமோ என்று இழுக்கிறார். பிறகு திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

பேச்சு நின்ற இடத்தில் மின்விசிறி கேட்கிறது.

*

சனிக்கிழமை. தெருவில் கூட்டம் நகர்கிறது. நளன் குளத்தில் முழுகி வருகிறவர்களின் ஈரம் தரையில் கோடாகப் போகிறது. எள் விளக்குப் புகை. நல்லெண்ணெய் வாசனை.

விரலில் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லை. ஆனாலும் கையைத் துடைக்கிறேன்.

*

ஆம்ப் இல்லாமல் மீட்டுகிறேன். நான்காம் கம்பி மரத்தில் ஒலிக்கிறது. நன்றாகவே ஒலிக்கிறது.

ஹெட்ஃபோன் மாட்டி மீட்டுகிறேன். அங்கே அது இல்லை.

கம்பிக்கும் காதுக்கும் நடுவில் எங்கோ நின்றுவிடுகிறது.

*

இந்த வகைக் கிடாரில் பிரிட்ஜில்தான் எல்லாம். கம்பிக்கு ஒரு சேடில். சேடிலுக்குள் ஒரு பீசோ துண்டு. கம்பி அதிர்கிறது, துண்டு அமுங்கி விடுகிறது, துளி மின்னழுத்தம் பிறக்கிறது. ஆறு கம்பிக்கும் ஆறு தனி ஒயர்.

உள்ளே இருக்கும் சிப் அந்த அசைவை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அளக்கிறது. அளந்ததை எண்ணாக்குகிறது. எண்ணுக்கு மரம் கிடையாது, வயது கிடையாது. குமிழைத் திருப்பினால் அதே எண் டெலிகாஸ்டர் கிடாராகக் கேட்கிறது. இன்னும் ஒரு திருப்பில் ரிக்கன்பேக்கர். அடுத்ததில் மார்ட்டின்.

கம்பி மட்டும் அதே கம்பி.

*

அழுத்தினால் படிகத்தில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-இல் கண்டவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி. பாரிஸில்.

அன்று காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில். இந்தத் திருநள்ளாறும். 1954 நவம்பர் 1 வரை அப்படித்தான்.

இந்த மேசையில் அந்தக் கண்டுபிடிப்பு ஓர் அரிசி கனத்தில் இருக்கிறது. அதில் சத்தம் வரவில்லை.

*

ரோலண்ட் விஜி-8 வந்தது 1995-இல். கம்பிக்குக் கம்பி தனியாகப் பிரித்துக் கேட்டு, இல்லாத கிடாரைக் கணக்கால் உண்டாக்கிய முதல் கருவிகளில் ஒன்று. 1998-இல் லைன் 6 பாட், இல்லாத ஆம்பை உண்டாக்கியது. 2000-களின் தொடக்கத்தில் வேரியாக்ஸ். அதில் எல்லாம் கிடாருக்குள்ளேயே போய்விட்டது.

இருபது வருஷத்துக்கு முந்தைய எதிர்காலம். அதன் திருகுகளில் இப்போது துரு.

*

குமிழின் ஒரு நிறுத்தத்தில் சிதார் இருக்கிறது. உண்மையில் அது சிதார் அல்ல. 1960-களில் அமெரிக்காவில் டேன்எலக்ட்ரோ செய்த கோரல் மின்சிதார். கிடார்க்காரர்கள் கிடார்போலவே வாசித்துச் சிதார்போல் ரீங்கரிக்கச் செய்த கருவி. சிதாரைப் பார்த்து அது. அதைப் பார்த்து இந்த எண்.

முதல் கம்பியில் மெதுவாக மீட்டுகிறேன். ரீங்காரம் எழுந்து அடங்குகிறது.

நகலின் நகல். இருந்தும் அடங்கும்போது அழகாக அடங்குகிறது. இரண்டும் ஒருசேர மனத்தில் இருக்கின்றன.

*

காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டில் பாடிய மூத்த திருப்பதிகத்தில் வாத்தியங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கொக்கரை. தக்கை. கரடிகை. மொந்தை. குடமுழா.

கொக்கரையின் ஒலி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைப்பில் ஒலி இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

குடமுழா திருவாரூர்க் கோயிலில் ஐந்து முகத்தோடு இன்றும் இருக்கிறது.

இந்தக் குமிழில் இவை எதுவும் இல்லை. தஞ்சாவூர் வீணைகூட இல்லை. யாராவது அளந்து எண்ணாக்கி வைத்தால் நல்லது. ஒலிக்கிறவை ஒலிக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

*

பின்பக்க மூடியின் திருகுகள். ஒவ்வொன்றாகக் கழற்றி வெள்ளைத் தாளில், வந்த இடப்படியே வைக்கிறேன். ஒன்று மட்டும் வர மறுக்கிறது. விட்டுவிட்டு மற்றதற்குப் போகிறேன். திரும்பி வரும்போது வருகிறது.

*

உள்ளே பச்சை போர்டு. மெல்லிய ஒயர்கள், தலைமுடி கனம். பேட்டரிப் பெட்டியில் ஆறு பென்சில் செல். ஒரு ஸ்பிரிங்கில் களிம்பு.

கடல் இங்கிருந்து தெரியாது. கேட்காது. ஆனால் அதன் உப்பு வந்திருக்கிறது.

*

செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தம் சொல்லும். களிம்பு வெளியிலிருந்து ஒட்டியதல்ல, செம்போடு செம்பாகவே இருப்பது என்று.

பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்துத் துடைக்கிறேன். பஞ்சு பச்சையாகிறது. ஸ்பிரிங் ஒரு கணம் ஜில்லென்று மின்னுகிறது.

*

நான்காம் கம்பியின் ஒயரையும் மூன்றாம் கம்பியின் ஒயரையும் இடம் மாற்றுகிறேன்.

மௌனம் எங்கே போகிறது என்று பார்க்க இதுதான் வழி. போர்டு பழுதென்றால் இப்போது மூன்றாம் கம்பி ஊமையாகும். சேடில் பழுதென்றால் நான்காம் கம்பியே ஊமையாக இருக்கும்.

மீட்டுவதற்கு முன் கை நிற்கிறது. எதையும் எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா என்று பார்க்கிறேன். முடியவில்லை. போர்டு பிழைத்திருக்கட்டும் என்று உள்ளே ஒரு குரல். அது இருக்கட்டும்.

மீட்டுகிறேன்.

மூன்று பேசுகிறது. நான்கு பேசவில்லை.

*

திண்ணையில் தம்பி போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறார். புதிய ப்ராசஸர் ஒன்றின் படம். தொடுதிரை, வண்ண விளக்குகள், ஆயிரம் ஆம்ப்.

எனக்கும் அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆசை வருவதை உணர்கிறேன். தொண்டைக்குக் கீழே சிறு இறுக்கம். பிறகு அது தளர்கிறது.

*

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருகிறார். மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி. அதில் கமகம் இழுத்தால் இரண்டு கம்பியும் சேர்ந்து வராது. தட்டினால் ஒலி உடனே செத்துப்போகும். அவர் ஒற்றைக் கம்பிகளாக ஐந்து வைத்துக்கொண்டார். மின்சாரத்தை எடுத்துக்கொண்டார். ஒலி நீண்டது. நீண்ட ஒலியில் கமகம் உட்கார்ந்தது.

1969-இல் பிறந்து 2014-இல் போய்விட்டார்.

கூட்டியதைவிடக் குறைத்தது அதிகம். எட்டு, ஐந்தாகியிருக்கிறது.

*

கோயில் பக்கம் நாகஸ்வரம். ஒத்து ஊதுகிறவர் இருந்த இடத்தில் இப்போது சுருதிப் பெட்டி. இங்கிருந்து கேட்க அது தெரியவில்லை. நாகஸ்வரம் மட்டும் வருகிறது.

*

நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆச்சாரி, டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காகப் பாரி நாகஸ்வரத்தைத் திருத்திச் செய்தார். சுத்த மத்தியமம் சரியான இடத்தில் பேசவில்லை என்பதுதான் குறை. ஆச்சா மரத்தில், துளையின் இடத்தில், உள்குடைவில் தீர்வு இருந்தது. 2022-இல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரு ஸ்வரம் பேசவில்லை என்ற குறையோடு ஒருவர் ஆச்சாரி வீட்டுத் திண்ணையில் காத்திருந்திருப்பார். ஆச்சாரியும் முதலில் ஊதச் சொல்லிக் கேட்டிருப்பார்.

*

நான்காம் சேடிலைக் கழற்றி உள்ளங்கையில் வைக்கிறேன். கனமே இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறேன். ஒயர் துண்டோடு சேருமிடத்தில் ஈயப் பற்று வெடித்திருக்கிறது. முடி அளவு இடைவெளி. அதில் ஒரு பச்சைப் புள்ளி.

விரலால் தொட்டால் சேர்கிறது. எடுத்தால் பிரிகிறது.

இவ்வளவு கணக்கு, இவ்வளவு சிப், இத்தனை கிடார்களின் பிம்பம். எல்லாம் சரியாக இருக்கின்றன. தொடும் இடம் மட்டும் தொடவில்லை. இந்த வேலையில் பெரும்பாலும் இதையே பார்க்கிறேன். ஜாக், ஸ்விட்ச், செல்லின் ஸ்பிரிங், கேபிளின் முனை. மூளை கெட்டு வருவது குறைவு.

*

பற்று வைக்க வேண்டும். சீக்கிரம் வைக்க வேண்டும். பீசோ துண்டு மிகுந்த சூட்டில் தன் குணத்தை இழந்துவிடும். இழக்கும் அந்த வெப்பநிலைக்குக் கியூரி புள்ளி என்று பெயர். அதே பியர் கியூரி.

மின்விசிறியை நிறுத்துகிறேன். அறை கனக்கிறது. வியர்வை புருவத்தில் நிற்கிறது.

மூச்சை வெளியே விடும்போது முனையை வைக்கிறேன். ஈயம் உருண்டு, பளிச்சிட்டு, மங்குகிறது. எடுத்துவிடுகிறேன். ரெசின் புகை ஒரு நூலாக மேலே போய்க் கலைகிறது.

ஒன்றும் செய்யாமல் ஆறவிடுகிறேன்.

*

நான்கு பேசுகிறது.

முதலில் கேட்பது டி ஸ்வரம் அல்ல. ஒரு சிறு அதிர்ச்சி. இல்லாதது இருக்கும்போது அறை கொஞ்சம் அகலமாகிறது. பிறகு ஸ்வரம்.

தம்பி திண்ணையிலிருந்து எழுந்து வருகிறார். ஒன்றும் கேட்கவில்லை. தலையாட்டுகிறார்.

*

கிடாரின் ஃபர்ம்வேரும் பழையதாக இருக்கிறது. புதியதை ஏற்றிவிடலாம் என்கிறார்.

முதலில் அவருடைய பேட்ச்கள். பாட்டுக்குப் பாட்டு அவர் சேர்த்துவைத்த ஒலிகள். பெயர்களைப் பார்க்கிறேன். படப் பெயர், பாடகர் பெயர், ஒன்றுக்கு வெறும் "அம்மா". எல்லாவற்றையும் கணினியில் எடுத்துவைக்கிறேன்.

செல்லும் புதிது. லேப்டாப் சார்ஜ் நிறைந்திருக்கிறது. பாதியில் கரண்ட் போனால் பாதி பழையதும் பாதி புதியதுமாக நினைவகம் நின்றுவிடும். அப்புறம் கிடார் எழாது.

*

பச்சைக் கோடு நகர்கிறது. மெதுவாக.

மதுரை அனல் வாதத்தில் சம்பந்தர் நெருப்பில் இட்ட ஏடு இந்த ஊர்ப் பதிகம். ஏடு கருகாமல் இருந்ததால் பச்சைப் பதிகம் என்று பெயர்.

கோடு நிற்கிறது. மீண்டும் நகர்கிறது. மூவரும் பேசுவதில்லை: அவர், நான், கிடார்.

*

முடிந்தது. மறுபடி துவங்குகிறது. விளக்கு எரிகிறது.

சிதார் நிறுத்தம் முன்பைவிடக் கொஞ்சம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றுகிறது. காது ஆசைப்படுகிறதா, ஒலி மாறியிருக்கிறதா. பிரித்தறிய முயலவில்லை.

*

ப்ராசஸர் வழியாக ஆம்பில் போடுகிறேன். தாமதம் சில மில்லி விநாடி. மூன்று மில்லி விநாடியில் ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகும். ஆம்பிலிருந்து மூன்றடி தள்ளி உட்கார்ந்ததுபோல. விரலுக்குத் தெரிகிறது, தெரியாமலும் இருக்கிறது.

தடித்த ஆறாம் கம்பி ஒரு முறை முழுதாக அசைந்து திரும்பவே பன்னிரண்டு மில்லி விநாடி ஆகிறது. கம்பிக்கும் தாமதம் உண்டு. அதை யாரும் குறை சொல்வதில்லை.

*

கை எடுத்த பிறகும் ஒரு ஒலி இருக்கிறது.

ஹம்.

இவ்வளவு நேரம் ஹெட்ஃபோனில் அது இல்லை. கிடாரில் பிக்கப் சுருள் இல்லை, ஆகவே கிடார் அதைப் பிடிக்கவில்லை. கேபிளைப் பிடுங்குகிறேன். இருக்கிறது. ப்ராசஸரை நிறுத்துகிறேன். இருக்கிறது. ஆம்பும் சுவரும் மட்டும்.

*

நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. ஆம்பில் அதிகம் கேட்பது அதன் இரட்டிப்பு, 100. ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே எங்கோ. அமெரிக்காவில் 60 சுற்று, அங்கே ஹம் வேறு இடத்தில் நிற்கும்.

எந்த ஸ்வரத்திலும் உட்காராத ஒலி. எதிர்க்காமல் கேட்டால் அதற்குள்ளும் ஒரு ஏற்ற இறக்கம்.

*

சுவரின் எர்த் ஒயர் போய்ச் சேரும் இடம், கொல்லையில் எர்த் குழி. உப்பும் கரியும் போட்டு மூடிய இடம். வெயிலில் மண் பிளந்திருக்கிறது. விரலை விட்டால் முதல் கணு வரைக்கும் ஈரமே இல்லை.

ஒரு குடம் ஊற்றுகிறேன். மண் சத்தத்தோடு குடிக்கிறது. குமிழிகள். இன்னொரு குடம்.

மண்வாசனை எழுகிறது. வானத்தில் மேகமே இல்லை.

*

உள்ளே வந்து கேட்கும்போது ஹம் தணிந்திருக்கிறது. போகவில்லை. தணிந்திருக்கிறது.

*

மூடியைப் பொருத்துகிறேன். வெள்ளைத் தாளில் திருகு எதுவும் மிச்சமில்லை.

தம்பி கிடாரை மடியில் வைத்து, ஆம்ப் போடாமல், நான்காம் கம்பியை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டுகிறார். பிறகு உறையில் வைக்கிறார். புதிய ப்ராசஸரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

போர்டு நன்றாக இருக்கிறது. இந்தக் கிடார் இன்னும் பல வருஷம் வாசிக்கும். மழை இறங்கும்வரை எர்த் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.